சாப்பிட்டுவிட்டு வந்த மருமகன்

போங்கேரே,
வியாழக்கிழமை, சந்தை நாள்.

அன்புள்ள லியோந்தினுக்கு,

உன் ஒனெசிம் எழுதுவது. ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். இறங்கின உடனே இரண்டு வரி எழுது என்றாயே, இதோ உட்கார்ந்துவிட்டேன். சிமெண்ட் மூட்டைமேல் படுத்து வந்தவன் எப்படி இருப்பானோ அப்படி இருக்கிறேன். எலும்பெல்லாம் இருக்கிறது, இருக்கிற இடம்தான் கொஞ்சம் மாறியிருக்கிறது. வழியில் ஒரு பாலம் போய்விட்டது. மரத்தை வெட்டிப் போட்டு லாரியைத் தாண்ட வைப்பதற்குள் ஒரு பகல் முழுக்க ஆற்றங்கரையில் கிடந்தோம். அங்கேயும் நாலு பேருக்கு முடி வெட்டினேன் என்று வைத்துக்கொள்.

நீ தண்ணீர்க் குடத்தைத் தூக்காதே. பக்கத்து வீட்டு ஒடெத்திடம் சொல், தூக்கித் தருவாள். அவள் பையனுக்கு நான் எத்தனை தடவை ஓசியில் தலை வழித்திருக்கிறேன். இரவில் கால் வீங்கினால் தலையணையைக் காலுக்கு வை, தலைக்கு வேண்டாம்.

உன் ஊர் ஏழு வருஷத்துக்கு முன்னால் கல்யாணத்துக்கு வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. ஒரே தெரு, தெருவுக்கு நடுவில் சந்தை, சந்தைக்கு நடுவில் சேறு. வைரம் வாங்குகிறவன் புதுசாகக் கடை போட்டு, சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு வைரம் வரைந்து வைத்திருக்கிறான். உள்ளே அவன் குறட்டை விடுகிறான்.

வீட்டுக்குப் போனேன். கதவில் குறுக்குக் கட்டை போட்டிருக்கிறது. மச்சான் அனிசே, அவன் மனைவி, உன் அம்மா எல்லாரும் வெளியே போயிருக்கிறார்கள் என்று பக்கத்து வேலிக்குள்ளிருந்து ஒரு குரல் சொன்னது. அதுவும் நல்லதுக்குத்தான். வெறும் வயிற்றோடு மாமியார் வீட்டில் நுழைய எனக்கென்ன பைத்தியமா? உள்ளே போய்விட்டால் தலையை நிமிர்த்தக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது, அவர் கண்ணில் படும்படி ஒரு கவளம் விழுங்கக் கூடாது. கல்யாணத்தின்போது நான் கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளிந்து கிழங்கு தின்றது உனக்குத் தெரியாது. கோழிகளுக்குத்தான் தெரியும்.

அதனால் இப்போதே சந்தையில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, முகம் கழுவி, இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, லட்சணமான மருமகனாகப் போய் நிற்கப் போகிறேன். சனிக்கிழமை இதே லாரி திரும்புகிறது. முன் இருக்கையில் டிரைவர் ஸகாரி பக்கத்தில் உன் அம்மா, பின்னால் மூட்டைமேல் நான், நடுவில் தகரம். மரியாதைக்கு ஒரு குறைவும் வராது. இந்தத் தடவை அம்மா கை படாமல் நான் பெறமாட்டேன் என்று சொல்லி அழுதாய். அந்தக் கையைக் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு. கவலையை விட்டுத் தூங்கு.

காட்டில் பறிக்கிற கோகோ கீரை வேகிற வாசனை இங்கே வரைக்கும் வருகிறது. மீதியைச் சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

உன் ஒனெசிம்.


போங்கேரே,
வெள்ளிக்கிழமை.

லியோந்தின்,

மேலே இருக்கிற தாளை நான் அனுப்பவில்லை. கிழித்துப் போடவும் இல்லை. அதை எழுதினவன் எப்பேர்ப்பட்ட மடையன் என்று உனக்குத் தெரியட்டும், அதனால் சேர்த்தே வைக்கிறேன். நேற்று மத்தியானத்திலிருந்து என்னால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. உன் முகம் இங்கே இல்லையே என்பதுதான் இப்போதைக்கு ஒரே ஆறுதல். இதை எழுதுகிறபோது அதுவும் போய்விடுகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். பாதியில் எறிந்துவிடாதே.

சந்தையில் மீன்காரிகள் உட்காருகிற வரிசையின் கடைசியில் ஒரு சாப்பாட்டுக் கடை. நாலு கம்பு, மேலே ஒரு தார்ப்பாய், ஒரு பெஞ்சு. அந்த வாசனைதான் என்னை இழுத்தது. கடைக்கார அம்மாள் பச்சைத் துணியைத் தலையில் கட்டியிருந்தார். வாட்டசாட்டமான உடம்பு, சிரித்த முகம். பேசும்போது ஒற்றைப் புருவத்தைத் தூக்கித் தூக்கிப் பேசினார். இந்தப் புருவத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. எங்கே என்று யோசிக்கவில்லை. வீட்டில் இருப்பதுபோல் இருந்தது, அவ்வளவுதான். உடனே என் வாய் அவிழ்ந்துவிட்டது. என் கத்தரியைவிட என் வாய் வேகம் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்.

எந்த ஊர் என்று கேட்டார். பாங்கி என்றேன். என்ன வேலை என்றார், சொன்னேன். இங்கே யார் வீட்டுக்கு என்றார். மனைவிக்குப் பிரசவம் நெருங்குகிறது, மாமியாரை அழைத்துப் போக வந்திருக்கிறேன் என்றேன். களியை உருட்டிக்கொண்டிருந்த அவர் கை அப்படியே நின்றது. சூடு பட்டிருக்கும் என்று நினைத்தேன். பிறகு உருண்டையை என் தட்டில் வைத்துவிட்டு, மாமியார் பார்க்க எப்படி இருப்பார் என்று கேட்டார்.

இந்த இடத்தில் வேறு எவனாவது என்றால் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருப்பான். நான் சொன்னேன்:

"யாருக்குத் தெரியும் அக்கா? மாமியார் முகத்தை எந்த மருமகன் பாத்திருக்கான்? கல்யாணத்தப்ப குதிகாலைப் பாத்தேன். நல்ல அகலமான குதிகால். ஆளும் அதுக்குத் தக்கபடிதான் இருப்பாங்க. லாரி தாங்குமான்னுதான் பயம்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் தன் காலைத் துணிக்குள் இழுத்துக்கொண்டார். நான் அதைப் பார்த்தேன், லியோந்தின். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. அவரும் ஏன் எழுந்து போகவில்லை, ஏன் முகத்தை மூடிக்கொள்ளவில்லை என்று நீ கேட்பாய். அதைப் பிறகு சொல்கிறேன்.

சிரிப்பு கிடைத்ததும் எனக்கு இன்னும் ஏறிவிட்டது. கீரையில் நிலக்கடலையும் புகைபோட்ட மீனும் சேர்ந்து அப்படி ஒரு ருசி. சந்தைக்குப் போகிற ஆம்பிளைகள் எல்லாரும் சாப்பாட்டுக்காரியிடம் சொல்கிறதை நானும் சொன்னேன். பேசாமல் நீங்களே என்னைக் கட்டிக்கொள்ளுங்கள் அக்கா, மாமியாரை இங்கேயே விட்டுவிட்டு உங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றேன். பக்கத்தில் இருந்த மீன்காரி துணி முனையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். என் பேச்சுக்குத்தான் இந்தச் சிரிப்பு என்று எனக்குப் பெருமை. விரலை நக்கினேன். தொட்டுக்கொள்ள வைத்த காட்டுப்புழு வறுவலில் இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன். ஏப்பம் விட்டேன்.

இதுவரைக்கும் நடந்ததற்கு ஊரே சிரிக்கிறது. நீயும் சிரித்துக்கொள். சிரித்து முடித்துவிட்டு அடுத்ததைப் படி.

அவர் குரலைத் தாழ்த்தி, உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். முதல் பிரசவமா என்று கேட்டார். ஊர் பேர் தெரியாத ஒருத்தரிடம் எதையும் சொல்லிவிடலாம் என்று ஒரு எண்ணம் இருக்கிறதே, அதுதான் என்னைக் கவிழ்த்தது. இல்லை அக்கா, இதற்கு முன்னால் இரண்டு போயிருக்கிறது என்றேன்.

"ரெண்டா?" என்றார்.

"ஆமா, ரெண்டு" என்றேன். மீனில் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னேன்.

முதல் பிள்ளை போனதுதான் உன் அம்மாவுக்குத் தெரியும். இரண்டாவதைச் சொல்லவேண்டாம், நானெல்லாம் ஒரு பெண்ணா என்று நினைப்பார் என்று நீ என் கையைப் பிடித்துக் கேட்டாய். நானும் ஊருக்குப் போகிறவர்களிடமெல்லாம் எல்லாரும் சுகம் என்றே சொல்லி அனுப்பினேன். அதையெல்லாம் ஒரு மீன் துண்டோடு சேர்த்து நேற்று நான் அவிழ்த்துப் போட்டேன்.

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. இப்போது எழுதப் போவதை உனக்கு எப்போதுமே சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

செவெரின் அண்ணன் பாங்கியை ஒட்டின பிம்போவில் எனக்கு இரண்டாம் தாரமாக ஒரு பெண் பார்த்து வைத்திருக்கிறான். நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மழை ஆரம்பித்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கத்தரிக்குச் சாணை பிடித்துவிட்டு வருகிறேன் என்று போனேனே, அன்றைக்கு அவனோடு அந்த வீட்டுக்குத்தான் போனேன். அந்தப் பெண்ணின் அப்பா கள் ஊற்றினார், குடித்தேன். அவள் வந்து வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். முகம்கூட எனக்கு நினைவில்லை. திரும்பி வரும்போது சாணை பிடிக்காத கத்தரி பையில் இருந்தது. நீ தட்டை எடுத்து வைத்தாய், நான் பசியில்லை என்றேன்.

இதைத்தான் அந்தக் கடைக்கார அம்மாளிடம் சொன்னேன். சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன், பூசி எழுதினால் இன்னும் கேவலம். "இந்தத் தடவையும் தங்கலைன்னா நான் என்ன பண்றது அக்கா? அவளைக் குத்தம் சொல்லலை. ஆனா ஆம்பளைக்கும் வயசு போகுதில்ல? அண்ணன் சொல்றதும் நியாயமாத்தான் படுது" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. சட்டிக்குள் அகப்பையைப் போட்டுக் கொஞ்ச நேரம் கிளறிக்கொண்டே இருந்தார். பிறகு இருந்ததில் பெரிய மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். நான் கேட்கவில்லை.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சாப்பிடுங்க தம்பி. ஆறிடப் போகுது."

அந்தத் துண்டை வாயில் வைத்தபோதுதான் அனிசே தலையில் உப்பு மூட்டையோடு வந்து, "அம்மா, இதை எங்க இறக்கட்டும்?" என்று கேட்டான். கேட்டவன் என்னைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். என் தட்டைப் பார்த்தான். அந்த அம்மாள் மெதுவாக எழுந்து, தலைத்துணியை முகத்தின் மேல் இழுத்து விட்டுக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். கீழே குதிகால் தெரிந்தது.

தோட்டம் கொத்துகிறார் என்றுதானே சொன்னாய். சந்தையில் கடை போட்டிருக்கிறார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே. அவரை நான் அக்கா என்று கூப்பிட்டேன். கட்டிக்கொள்ளுங்கள் என்றேன். மீன் வாயில் இருக்கிறது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. சட்டையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு ஓடினேன். எதிரில் மாடு மேய்க்கிற எம்பொரோரோக்காரர்களில் ஒரு பெண் பால் சுரைக்குடுவைகளோடு உட்கார்ந்திருந்தாள். அதில் ஒன்றை உதைத்துவிட்டேன். அவள் என்னைத் திட்டின திட்டில் அதுவரைக்கும் விஷயம் தெரியாதவர்களும் என்ன ஏது என்று எழுந்து வந்துவிட்டார்கள்.

லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். அனிசே தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். மச்சானைக் கேலி செய்வது அவன் உரிமை, கல்யாணத்தின்போது என் காலணியில் தவளையைப் போட்டவன். நேற்று ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் நானே ஏதாவது சொல்லேன்டா என்றேன்.

"நான் என்னத்தைச் சொல்றது மச்சான்? என் பங்கையும் சேத்து நீங்களே செஞ்சிட்டீங்க" என்றான்.

உங்கள் வீட்டு மூலையில் படுத்தேன். உன் அம்மா சமையல் குடிசையில் படுத்துக்கொண்டார். அவர் வீட்டில் அவரே அடுப்போரம் படுக்கும்படி ஆக்கிவிட்டேன்.

இன்று காலையில் ஊர் வழக்கப்படி அனிசேயிடம் ஒரு வெள்ளைக் கோழியைக் கொடுத்து மன்னிப்புக் கேட்கப் போனேன். உங்கள் வீட்டுப் பின்புறத்தில் ஒரு ஓலைத் தட்டி இருக்கிறதே, அதற்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் உன் அம்மா. தட்டி முனையில் அனிசே நின்று, நான் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை எனக்கும் சொன்னான். இரண்டு பேருக்கும் எல்லாம் காதில் விழுகிறது, ஆனாலும் அவன் சொல்லித்தான் கேட்க வேண்டும். என் கண் அவிந்துபோயிருந்தது என்று சொல்லு என்றேன். அவன் அந்தப் பக்கம் திரும்பி, "அம்மா, இவருக்குக் கண்ணு தெரியலையாம். வாய்க்கு மட்டும் வழி நல்லாத் தெரிஞ்சிருக்கு" என்றான். உள்ளே சட்டி மூடி ஒன்று டங்கென்று விழுந்தது. அதற்கப்புறம் அவன் எதையும் சேர்க்கவில்லை.

நான் உடைந்து உடைந்து ஏதோ சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பேசினார். அந்தக் குரல் நேற்று என்னைத் தம்பி என்று கூப்பிட்ட அதே குரல்.

"கோழியைத் திருப்பிக் குடுத்துடு அனிசே. பாங்கி, முடி வெட்டுற வேலைன்னதுமே எனக்கு ஆள் தெரிஞ்சுபோச்சு. அவரு தெரியாம சாப்பிட்டாரு, நான் தெரிஞ்சே பரிமாறினேன். எழுந்து போயிருக்கணும். போகலை. என் பொண்ணு எப்படி இருக்கான்னு ஏழு வருஷமா நான் யாரைக் கேப்பேன்? சுகம், சுகம், சுகம்னுதான் சேதி வருது. மருமகன்கிட்ட மாமியார் கேக்க முடியுமா? கடைக்காரி கேக்கலாம். அதான் கேட்டேன். கேட்டுட்டு இப்ப முகத்தை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியலை."

இதை அனிசே திருப்பிச் சொல்லவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவரே மறுபடி பேசினார். பெண் அவ்வளவு தூரத்தில் இரண்டாவது பிள்ளையைப் புதைத்த சமயத்தில், தான் இங்கே சந்தையில் சிரித்துச் சிரித்துக் களி விற்றுக்கொண்டிருந்திருக்கிறேனே என்றார். அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. தட்டிக்கு இந்தப் பக்கம் நானும் அழுதேன். அந்த இரண்டு குழிகளையும் வெட்டினவன் நான். நீ பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். நான் வந்து மண்வெட்டியைக் கழுவினேன். எங்கே வைத்தாய் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிம்போவுக்கு நான் போனது பிள்ளை ஆசையில் இல்லை, லியோந்தின். மூன்றாவது தடவை அந்த மண்வெட்டியை எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. அதை உன்னிடம் சொல்லத் தைரியம் இல்லாமல், அண்ணன் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். இது சமாதானம் இல்லை. வேறு மாதிரிச் சொல்லத் தெரியவில்லை.

பாங்கிக்கு வருவாரா என்று அனிசேயை விட்டுக் கேட்கச் சொன்னேன். பிம்போ விஷயத்துக்குத்தான் பதில் வந்தது.

"அவரு சொன்னதை நான் என் பொண்ணுகிட்டத் தூக்கிட்டுப் போக மாட்டேன். அந்தச் சுமை என்னுது இல்லை. அவரே எழுதட்டும்."

பிறகு உரலில் கிழங்கு இடிக்கிற சத்தம் கேட்டது. அதற்குமேல் தட்டியருகில் நிற்க எனக்கு என்ன இருக்கிறது? வந்து உட்கார்ந்து எழுதிவிட்டேன். நாளைக்கு லாரி கிளம்புகிறது. அவர் வருவாரா மாட்டாரா என்று இந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது. உனக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்த ஒன்றே ஒன்றையும் நான் தின்று கெடுத்துவிட்டேனோ என்னவோ.


சனிக்கிழமை,
லாரி நிற்கிற இடம்.

லியோந்தின்,

உன் அம்மா வருகிறார்.

விடிந்ததும் அனிசே வந்து எழுப்பி, வந்து பார் என்றான். பிறகு, இல்லை இல்லை, பார்க்காதே, வந்து மட்டும் நில் என்றான். லாரியின் முன் இருக்கையில் அவர் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறார். கறுப்புக் குடையை என் பக்கமாகச் சாய்த்து விரித்துப் பிடித்திருக்கிறார். எனக்குக் குடைதான் தெரிகிறது. ஸகாரி மரவள்ளி மூட்டைகளை ஏற்றி முடிக்க மத்தியானம் ஆகும், இறங்கி நிழலில் இருங்கள் அம்மா என்றதற்கு, இறங்கினால் மனசு மாறிவிடும் என்றாராம். மடியில் ஒரு மூட்டை. அதில் உனக்கு மருந்துக் கீரை, பிள்ளைக்குத் துணி, தொப்புளுக்குத் தடவுகிற எண்ணெய் எல்லாம் இருக்கிறது. அந்தத் துணிகள் புதிது இல்லையாம். உனக்கும் அனிசேக்கும் போட்டவையாம்.

நான் வரவில்லை. நடந்ததற்கு அப்புறம் நாங்கள் ஒரே வண்டியில் வர முடியாது. இரண்டு பேர் வெட்கத்தையும் சேர்த்து ஏற்றினால் அச்சு முறிந்துவிடும் என்று அனிசே சொல்கிறான். கேலி பேசுகிற அளவுக்கு அவன் தேறிவிட்டான். அவன் மூலமாக உன் அம்மா எனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறார். இரண்டு சந்தைக்குக் கடை காலியாகக் கிடந்தால் மீன்காரி கம்பை நகர்த்திப் போட்டுவிடுவாளாம். அதனால் அனிசே மனைவி சமைப்பாள், நான் அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து வருகிறவர்களுக்குப் பரிமாற வேண்டும். ஆம்பிளை உட்கார்ந்து களி பரிமாறுவதை இந்த ஊர் பார்த்ததில்லை. சுற்று வட்டாரமே சாப்பிட வரும், பசிக்கு இல்லை, என்னைப் பார்ப்பதற்கு. ஒரு நிபந்தனை, நான் பேசக் கூடாது. எவ்வளவு வேண்டும் என்று மட்டும் கேட்கலாம். சரி என்று சொல்லிவிட்டேன். இதுவும் எனக்குப் போதாது என்றுதான் தோன்றுகிறது.

எது வரைக்கும் என்று கேட்கச் சொன்னேன். குடைக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. "அவளுக்குப் பிறக்கட்டும். அதுக்கப்புறம் கூப்பிடறதும் கூப்பிடாததும் அவ பாடு."

ஆகவே அது உன் பாடு. உன்னைக் கட்டாயப்படுத்தி ஒரு வார்த்தையும் எழுத மாட்டேன். செவெரினுக்குத் தனியாக ஒரு தாள் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பிம்போவில் என் பெயரை இனி எடுக்க வேண்டாம், இந்தப் பிள்ளை தங்கினாலும் தங்காவிட்டாலும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. நீ படித்துவிட்டு ஸகாரியிடம் கொடுத்தனுப்பு.

உன் அம்மாவுக்குப் பஞ்சு மெத்தை ஒத்துக்கொள்ளாதாம், பாய் விரித்துக் கொடு. என் நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டுவிடு, மருமகன் உட்கார்ந்த நாற்காலி அவர் கண்ணில் பட வேண்டாம். வந்ததும் இரண்டாவது பிள்ளையைப் பற்றி அவர் உன்னிடம் கேட்பார். சுகம் என்று சொல்லிவிடாதே. அவர் மடியில் படுத்து அழு. நான் பக்கத்தில் இருந்தால் நீங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில்கூட உட்கார்ந்திருக்க முடியாது, அதை நினைத்தால் நான் இங்கே கிடப்பதும் ஒரு விதத்தில் நல்லதுதான்.

ஸகாரி ஹாரன் அடிக்கிறான். ஒன்று மட்டும் கேட்கிறேன், மறுத்துவிடாதே. பெண் பிறந்தால் உன் அம்மா பெயரை வை. மாமியார் பெயர் மருமகன் நாக்கில் ஏறக் கூடாது என்பது உனக்குத் தெரியும். ஏறாது. மற்ற அப்பாக்கள் வாசலில் நின்று பிள்ளையைப் பெயர் சொல்லிக் கத்துவார்கள், நான் சும்மா நிற்பேன். நீ என்னைத் திரும்பக் கூப்பிட்டால் அந்த வாசலில் நிற்பேன், கூப்பிடாவிட்டால் இங்கேயே நிற்பேன். ஆயுசு முழுக்க என் மகளை நான் ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் இருந்துவிட்டுப் போகிறேன். வேறு யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அவள் இருந்தால் போதும்.

நீ பிழைத்திரு. உன் கையில் அது பிழைத்திருக்கட்டும்.

ஒனெசிம்.